மறு: பெக்கான் – 'பெர்சென்ட் கெர்னல்' தமிழில் எப்படி?

> நிலக்கடலைக்கு 'உடைப்புத்திறன்' ஏற்கெனவே புழங்குகிறது. பெக்கானுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, இங்கே அது குழப்பும். பெக்கான், வால்நட் போன்ற ஓட்டுக்கொட்டை; அதில் இரண்டு கணக்கு உண்டு. கொட்டை எடையில் பருப்பு எவ்வளவு என்பது ஒன்று; 'பெர்சென்ட் கெர்னல்' இதுதான். அது ரகத்தையும் மரத்தின் பராமரிப்பையும் பொறுத்தது. உடைக்கும்போது பருப்பில் எவ்வளவு சிதையாத இரு பாதிகளாக வரும், எவ்வளவு நொறுங்கும் என்பது இன்னொன்று. அது எந்திரத்தையும் ஈரப்பதத்தையும் பொறுத்தது. 'உடைப்புத்திறன்' பின்னதற்கே பொருந்தும். முன்னதற்குத் 'தேறுவீதம்' என்று முன்மொழிகிறேன். 'மூட்டைக்கு எவ்வளவு பருப்பு தேறும்?' என்றுதானே மண்டியில் கேட்கிறோம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் விலை படிவதே இந்த எண்ணில்தான். குவியலின் பல இடங்களிலிருந்தும் அள்ளிய மாதிரியை உடைத்து, சொத்தையும் சுருங்கலும் நீக்கி, நல்ல பருப்பை நிறுப்பார்கள். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் கொட்டைக்கு 227 கிராம் தேறினால் 50 பாயிண்ட். பாயிண்டுக்கு 5 சென்ட் பேசினால் ஒரு பவுண்டு கொட்டைக்கு 2.50 டாலர். விச்சிட்டா ரகத்தில் 60 அளவுக்குத் தேறும்; பழைய ஸ்டூவர்ட்டில் 46, 47தான். இரண்டையும் ஒரே சாக்கில் கொட்டினால் நல்ல ரகமும் மட்ட விலைக்கே போகும். நாலைந்து ஏக்கர்காரர் ரகவாரியாகப் பொறுக்கிக் கட்டுவது அவசியம்.

> சீனாவுக்குப் போகும் சரக்குக்கும் இதேதானா?

ஓட்டோடு வாங்குபவர்கள் பருமனையும் பார்ப்பார்கள்: பவுண்டுக்கு எத்தனை கொட்டை என்று. 2018இல் சீனா கூடுதல் வரி விதித்த பிறகு அந்தச் சந்தையை மட்டும் நம்ப முடியவில்லை. ஓட்டை உடைத்துப் பருப்பெடுக்கும் உள்ளூர் ஆலைக்குப் போகும்போது தேறுவீதம்தான் பேசும்.

> பொக்கு, அதாவது உள்ளே பருப்பு பிடிக்காத கொட்டை, அதையும் நிறுவையில் சேர்ப்பதா?

கட்டாயம். முன்பே பொறுக்கிவிட்டால் எண் பொய்யாக ஏறும். ஓடு முழு அளவுக்கு வளர்ந்த பின், ஆகஸ்ட், செப்டம்பரில்தான் பருப்பு பிடிக்கும். அப்போது தண்ணீர் குறைந்தாலும், மரம் தாங்காத அளவு காய்த்திருந்தாலும் கொட்டை பெரிதாகவே இருக்கும், உள்ளே பொக்கு. அடுத்த ஆண்டுக் காய்ப்பும் படுத்துவிடும். அதனால்தான் அதிகம் காய்த்த ஆண்டில், பருப்பு பிடிக்கும் முன்பே, எந்திரத்தால் மரத்தை உலுக்கிக் கொஞ்சம் காயை உதிர்க்கிறார்கள்.

கலைச்சொல் பட்டியலுக்கு வரைவு:

தேறுவீதம் – உலர்ந்த கொட்டை மாதிரியின் எடையில், பொக்கு உட்பட, நூற்றுக்கு எவ்வளவு நல்ல பருப்பு என்ற அளவு.

'உலர்ந்த' என்பதை எடுத்துவிடாதீர்கள். ஈரக் கொட்டையை நிறுத்தால் எண்ணை நம்ப முடியாது.