மறு: செட்சி ஈக் கணக்கெடுப்பில் ‘தோற்ற அடர்த்தி’ சரியா?

> ஆப்பிரிக்காவில் இரத்தம் குடித்து வாழும் இந்த ஈக்கள் ஒரு பொறியில் ஒரு நாளில் விழும் எண்ணிக்கையை ஆங்கிலத்தில் ‘அப்பரண்ட் டென்சிட்டி’ என்கிறார்கள். ‘தோற்ற அடர்த்தி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பள்ளிப் பாடத்தில் ‘தோற்ற ஆழம்’ இருக்கிறது.

வணக்கம் ஐயா,

‘தோற்ற’ இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு உறுத்துவது ‘அடர்த்தி’. அடர்த்தி என்றதும் சதுர கிலோமீட்டருக்கு எத்தனை என்றுதான் படிப்பவர் நினைப்பார். இந்த அளவில் பரப்பளவே கிடையாது.

பொறி வேலை செய்கிற விதத்தைப் பாருங்கள். ஜிம்பாப்வேயின் சாம்பசிப் பள்ளத்தாக்கில் வைக்கிற எப்சிலான் பொறி முக்கோண வடிவத் துணிக்கூடு. வெளியே நீலம், உள்ளே கறுப்பு. நீலத்தைக் கண்டு வரும் ஈ உள்ளே கறுப்பை நாடிப் போய், பிறகு வெளிச்சம் தேடி மேலே ஏறி வலைக்கூம்பு வழியாகப் பையில் மாட்டும். பக்கத்தில் ஒரு புட்டியில் அசிட்டோன், பாலித்தீன் பொட்டலத்தில் ஆக்டெனாலும் ஃபீனால்களும். மாட்டின் மூச்சும் மூத்திரமும் வீசுகிறாற்போல் ஓர் ஏற்பாடு. ஆக, இரை தேடிப் பறக்கிற ஈதான் கணக்கில் வரும்.

அக்டோபரில் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஈக்கள் மரப்பொந்திலும் விலங்குகள் தோண்டிய வளையிலும் ஒடுங்கிவிடும். பை காலியாக இருந்தால் ஈ செத்ததா, ஒளிந்ததா? வெக்கையில் சாவும் கூடுவதால் இரண்டையும் பிரிப்பது லேசல்ல. இன்னொன்று: பெண் ஈ 9, 10 நாளைக்கு ஒரு புழுதான் ஈனும். ஒரே வாரத்தில் பையில் பத்து மடங்கு விழுந்தால், அங்கே பிறந்து பெருகியிருக்க வழியே இல்லை; மாறியது ஈக்களின் நடமாட்டம். இனத்துக்கு இனமும் வேறுபாடு உண்டு. ஒரே காட்டில் இந்தப் பொறிக்குப் பல்லிடிப்பிஸ் எளிதாகச் சிக்கும், மார்சிட்டன்ஸ் அவ்வளவாகச் சிக்காது.

அதனால் ‘பிடிவீதம்’ என்கிறேன். ஈக்களுக்குக் குறியிட்டுப் பறக்கவிட்டு, மறுபடி பிடித்துக் கணக்குப் போடுகிற உண்மையான மதிப்பீட்டுக்கு ‘அடர்த்தி’யை விட்டுவைப்போம். ‘பொறிவீதம்’ வேண்டாம், பொறியாளர்கள் சண்டைக்கு வருவார்கள்.

> அதனால் ‘பிடிவீதம்’ என்கிறேன்.

தம்பி,

அடர்த்தி பற்றிச் சொன்னது நியாயம்தான், விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் பழைய கணக்கெடுப்பில் பொறியே கிடையாதே. கறுப்புத் துணியைத் தூக்கிக்கொண்டோ மாட்டை ஓட்டிக்கொண்டோ ஆட்கள் குறித்த தடத்தில் நடப்பார்கள். வந்து உட்காரும் ஈயைக் கைவலையால் பிடிப்பார்கள். பெரும்பாலும் ஆண் ஈதான் கிடைக்கும். அங்கே வகுப்பது நாளால் அல்ல, நடந்த தொலைவால். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பருவ ஏற்ற இறக்கம் என்று காட்டினால் யாருக்கு என்ன புரியும்? பொறிப்பிடிவீதம், நடைப்பிடிவீதம் என்று பிரித்துவிடுங்கள். கட்டுரையை என்னிடம் பார்க்கக் கொடுக்கும்போது அட்டவணைத் தலைப்பில் அலகும் இருக்கட்டும். வெறும் ‘பிடிவீதம்’ என்று இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.