உச்ச குருவுக்கு மிருத அவஸ்தை: பலன் சொல்லும்போது எதை எடுத்துக்கொள்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மகன் ஜய வருடம் ஆனி மாதக் கடைசியில், 2014 ஜூலை 13 அன்று மாலையில் பிறந்தான். தனுசு லக்னம், மகர ராசி, திருவோணம். லக்னாதிபதியான குரு எட்டாம் இடமாகிய கடகத்தில் 5 பாகை 18 கலையில் (60 கலை ஒரு பாகை) நிற்கிறார். பரம உச்சத்தை (கிரகம் மிகுந்த பலம் பெறும் பாகையை) ஒட்டிய குரு என்றும், அவர் ஏழாம் பார்வையாகச் சந்திரனைப் பார்ப்பதால் கஜகேசரி யோகமும் உண்டு என்றும் எங்கள் குடும்ப ஜோதிடர் எழுதிக் கொடுத்திருந்தார். அண்மையில் கணினியில் ஜாதகம் கணித்து அச்செடுத்தபோது, கிரகங்களின் நிலையைக் காட்டும் அவஸ்தைப் பட்டியலில் குருவுக்கு நேராக ‘மிருத’, அதாவது இறந்த நிலை என்று இருந்தது. லக்னாதிபதி, எட்டாம் இடம், மிருதம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்ததிலிருந்து என் மனைவி சரியாக உறங்கவில்லை. உச்சம் பெற்ற கிரகம் எப்படி மிருத அவஸ்தையில் இருக்க முடியும்? இரண்டில் எதை நம்புவது? விவரம் அறிந்த பெரியவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

ஐயா, முதலில் உங்கள் துணைவியாரின் அச்சத்தைப் போக்குங்கள். மிருதம் இடம்பெறும் பாலாதி அவஸ்தை ஆயுளைக் கணிக்கும் முறை அன்று. ஒரு கிரகம் தான் தர வேண்டிய பலனில் எவ்வளவைத் தரும் என்பதை அளக்கும் பல அளவுகோல்களில் அதுவும் ஒன்று. ஆயுளைப் பார்க்க லக்னம், எட்டாம் இடம், சனி, சந்திரன் என்று வேறு வழிகள் இருக்கின்றன.

கணக்கு எளிமையானது. ஒரு ராசியின் 30 பாகைகளை ஆறு ஆறாகப் பிரித்து, மேஷம், மிதுனம் முதலான ஒற்றை ராசிகளில் பால, குமார, யுவ, விருத்த, மிருத என்ற வரிசையிலும், ரிஷபம், கடகம் முதலான இரட்டை ராசிகளில் அதையே தலைகீழாகவும் வைப்பார்கள். பால அவஸ்தைக்குக் கால் பங்கு, குமாரத்துக்கு அரைப் பங்கு, யுவத்துக்கு முழுப் பலன், விருத்தத்துக்குச் சிறிதளவு, மிருதத்துக்கு ஒன்றுமில்லை என்பது விதி. கடகம் இரட்டை ராசியாதலால் அதன் முதல் 6 பாகைகளும் மிருதத்தில் விழுகின்றன. குருவின் பரம உச்சப் பாகையோ கடகத்தில் 5. ஆகவே உங்கள் மகனுக்கு மட்டுமன்று, குரு பரம உச்சத்தில் நிற்கும் எல்லா ஜாதகங்களிலும் கணினி இப்படித்தான் அச்சிடும்.

மற்ற கிரகங்களையும் இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். சந்திரன் ரிஷபத்தில் 3 பாகையில் பரம உச்சம், அதுவும் மிருதம். மகரத்தில் 28 பாகையில் செவ்வாயும் மீனத்தில் 27 பாகையில் சுக்கிரனும் பால அவஸ்தை. மேஷத்தில் 10 பாகையில் சூரியன் குமாரம், துலாத்தில் 20 பாகையில் சனி விருத்தம். ஏழு கிரகங்களில் கன்னியில் 15 பாகையில் நிற்கும் புதன் ஒருவர்தான் பரம உச்சத்தில் யுவ அவஸ்தை பெறுகிறார். இந்த ஒரு கணக்கை வைத்து உச்ச பலத்தையே தள்ளிவிடலாம் என்றால், புதனைத் தவிர எந்தக் கிரகத்துக்கும் பரம உச்சத்தில் முழுப் பலன் இல்லை என்று சொல்ல நேரும். அப்படிப் பலன் சொல்லும் ஜோதிடர் எவரையும் நான் கண்டதில்லை. வேறு அவஸ்தை முறைகளைப் பார்த்தால், இதே குரு ஜாக்ரதாதி முறையில் உச்சத்தினால் விழிப்பு நிலையிலும், தீப்தாதி முறையில் தீப்த (ஒளிரும்) நிலையிலும், லஜ்ஜிதாதி முறையில் கர்வித (பெருமித) நிலையிலும் இருக்கிறார். அச்சுத்தாளில் ஒரு வரியை மட்டும் பார்த்து மனம் வருந்த வேண்டாம்.

மறுமொழி 2

மேலே நண்பர் எழுதியது முழுவதும் சரியே. ஆனால் கவனிக்க வேண்டிய முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. நீங்கள் தந்த தேதியில் சூரியன் மிதுனத்தில் ஏறத்தாழ 27 பாகையில் இருந்தார். குருவுக்கும் அவருக்கும் இடையே 8 பாகைதான். குருவுக்கு 11 பாகைக்குள் அஸ்தங்கம், அதாவது சூரியனை நெருங்கி ஒளி மறைதல், என்பது மரபு. அந்த ஜூலை 24ஆம் தேதி சூரியன் குருவின் பாகையையே எட்டிவிட்டார். மாலை வானில் சூரியன் மறைந்த சற்று நேரத்தில் குருவும் மறைந்து கண்ணுக்குப் புலப்படாமல் போன நாட்கள் அவை. குரு மௌட்யம் என்று பஞ்சாங்கத்தில் குறித்து, சுப காரியங்களைத் தள்ளி வைக்கும் காலமும் இதுதான்.

என்னைக் கேட்டால், மிருத அவஸ்தையை ஒதுக்கிவிட்டு அஸ்தங்கத்தை எடை போடுங்கள் என்பேன். உச்சம் பெற்ற கிரகத்துக்கு அஸ்தங்க தோஷம் வெகுவாகக் குறையும் என்போரும் உண்டு. அதை நான் பாதியளவே ஏற்கிறேன். நவாம்சத்தில் (ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் கணக்கில்) குரு சிம்மத்தில், அதாவது தமக்கு நட்பான சூரியனின் வீட்டில் இருப்பதும், துலாத்தில் உச்சமான சனி பத்தாம் பார்வையாகக் கடகத்தைப் பார்ப்பதும் கணக்கில் வர வேண்டும். குருவின் பலன் கிடைக்காமல் போகாது. காலம் தாழ்ந்தும் உழைப்பை வாங்கிக்கொண்டும் வரும் என்பதே என் கருத்து. திருவோணத்தின் முதல் பாதமாக இருந்தால் குருவின் பலன் நடக்கும் காலமான குரு தசை ஏறத்தாழ 34 வயதில்தான் தொடங்கும். அதை நினைத்து இன்றே கவலைப்படத் தேவையில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. முதல் பாதம்தான். கணினி இன்றைய வானியல் கணக்கான திருக்கணித முறையில் கணித்திருக்கிறது. எங்கள் ஜோதிடர் பழைய சூத்திரக் கணக்கான வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுபவர். அதனால் இந்த முடிவு மாறுமா?

மறுமொழி 3

அவஸ்தை மாறும். அந்த ஆண்டு வாக்கியப்படி ஜூன் 13 அன்றும் திருக்கணிதப்படி ஜூன் 19 அன்றும் குருப்பெயர்ச்சி நிகழ்ந்தது நினைவிருக்கலாம். குரு அப்போது நாளொன்றுக்கு ஏறக்குறைய 13 கலை நகர்ந்துகொண்டிருந்தார் என்பதால், ஆறு நாள் வேறுபாடு ஒரு பாகைக்கும் மேல் வருகிறது. ஆகவே வாக்கியக் கணக்கில் குரு 6 பாகையைத் தாண்டி விருத்த அவஸ்தைக்குச் சென்றிருப்பார். நவாம்சமும் 6 பாகை 40 கலையில் சிம்மத்திலிருந்து கன்னிக்கு மாறுவதால், அதையும் உங்கள் ஜோதிடரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ராசிச் சக்கரத்தின் தொடக்கத்தைக் குறிக்கும் திருத்த அளவான அயனாம்சத்தை மாற்றினாலும் இதே நிலைதான். லாஹிரிக்குப் பதிலாக ராமன் அயனாம்சத்தைத் தேர்ந்தெடுத்தால் குரு சுமார் ஒன்றரை பாகை முன்னே சென்றுவிடுவார். சூரியனுக்கும் குருவுக்கும் உள்ள இடைவெளியோ வாக்கியத்தில் ஒன்பது, பத்து பாகை அளவில்தான் நிற்கும். அயனாம்சத்தை மாற்றுவதால் அது மாறவே மாறாது. எந்த முறையில் கணித்தாலும் குரு 11 பாகைக்குள்ளேயே இருக்கிறார்.