கன்ஃபர்ம் மெயில் போகிறது, ஆனால் லிஸ்டில் ஆள் சேரவில்லை. அவசரம்

சென்னிமலை_தறி
வணக்கம்ங்க. பெட்ஷீட், ஜமக்காளம் விற்கிறோம். மெயில் ஐடி கொடுத்தால் புது டிசைன் வரும்போது சொல்கிறோம் என்று எங்கள் சைட்டில் ஒரு பக்கம் போட்டோம். 20 நாளில் 312 பேர் கொடுத்திருக்கிறார்கள். லிஸ்டில் பார்த்தால் 41 பேர்தான் இருக்கிறார்கள். மீதிப் பேர் எங்கே? தீபாவளி ஸ்டாக் இறங்கிவிட்டது, இந்த வாரமே மெயில் போட வேண்டும். யாராவது சொல்லுங்க.

நொய்யல்கரை
எந்த சர்வீஸ் வழியாக அனுப்புகிறீர்கள்? டபுள் ஆப்ட்-இன் போட்டிருக்கிறதா? அதாவது ஐடி கொடுத்ததும் ஒரு மெயில் போய், அதில் இருக்கும் பட்டனை அழுத்தினால்தான் லிஸ்டில் சேருவார்களா? அனுப்புநர் முகவரி என்ன? இதெல்லாம் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாதுங்க.

கரூர்_ஹோம்டெக்ஸ்
ஃபார்மில் எத்தனை கட்டம் வைத்திருக்கிறீர்கள்? நாங்கள் பெயர், போன், ஊர், கடைப்பெயர் என்று ஆறு கேட்டோம். மெயில் ஐடி மட்டும் போதும் என்று மாற்றிய பிறகுதான் ஆள் வர ஆரம்பித்தார்கள். இதுவும் அந்தப் பிரச்சினைதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய_அட்மின்
312 பேர் ஃபார்மை நிரப்பி முடித்துவிட்டார்கள் என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. கட்டம் அதிகமாக இருந்தால் அவர்கள் நிரப்பியிருக்கவே மாட்டார்கள். படித்துவிட்டுப் பதில் போடுங்கள். சென்னிமலை தம்பி, இதே கேள்விக்கு நான் பலமுறை விளக்கமாக எழுதியிருக்கிறேன். கடைக்கு போர்டு மாட்டத் தெரிந்தவர்கள் டிஎன்எஸ் என்றால் என்ன என்று ஒரு நாள் உட்கார்ந்து படிக்கக் கூடாதா?

ஈரோடு_மஞ்சள்மண்டி
மெயிலெல்லாம் யாருங்க பார்க்கிறார்கள்? வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் போடுங்கள். அரைமணி நேரத்தில் ஆர்டர் வரும்.

சென்னிமலை_தறி
தம்பி இல்லைங்க, நான் அந்த வீட்டு மருமகள். மாமா தறி பார்க்கிறார், ஆன்லைன் வேலை என்னுடையது. டபுள் ஆப்ட்-இன்தான் போட்டிருக்கிறோம். சர்வீஸ் இலவச பிளான். அனுப்புநர் முகவரி கடையின் ஜிமெயில். பத்து வருஷமாக அதே ஐடிதான், பழைய கஸ்டமர் எல்லோருக்கும் தெரியும். சைட்டுக்கு டொமைன், அதாவது சொந்த இணையப் பெயர், தனியாக இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பும் இருக்கிறதுங்க, ஆனால் பெங்களூரு, ஹைதராபாத் ஆட்கள் மெயில்தான் கேட்கிறார்கள்.

நொய்யல்கரை
அம்மணி, இப்போதுதான் விஷயம் தெரிகிறது. ஒரு சோதனை பண்ணுங்க. உங்கள் சொந்த ஜிமெயிலை அந்தப் பக்கத்தில் கொடுங்கள். கன்ஃபர்ம் மெயில் எந்தப் பெட்டிக்கு வருகிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, வலது பக்க மூன்று புள்ளியை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' என்று வரும். அதில் எஸ்.பி.எஃப். (அனுப்ப அனுமதி உள்ள சர்வரா), டிகேஐஎம் (மெயிலின் டிஜிட்டல் கையெழுத்து சரியா), டிமார்க் என்று மூன்று சோதனை வரி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நேரே பாஸா ஃபெயிலா என்று அப்படியே இங்கே எழுதுங்கள்.

சென்னிமலை_தறி
ஸ்பேமில்தான் வந்திருக்கிறது! முதல் இரண்டும் பாஸ். டிமார்க் ஃபெயில்.

கரூர்_ஹோம்டெக்ஸ்
மூன்றில் இரண்டு பாஸ் என்றால் பரவாயில்லையே. பட்டன் நிறத்தை மாற்றிப் பாருங்கள்.

நொய்யல்கரை
பரவாயில்லை என்று விட முடியாதுங்க. லாரி ஆபீஸில் பார்சல் போடுவதை நினைத்துப் பாருங்கள். எல்.ஆர். சீட்டு ஒழுங்கான சீட்டுதான், லாரி ஆபீஸும் நிஜமான ஆபீஸ்தான். ஆனால் சீட்டில் இருக்கும் பெயர் ஒன்று, உள்ளே பில்லில் இருக்கும் பெயர் வேறொன்று. செக்போஸ்ட்டில் நிறுத்துவார்களா மாட்டார்களா? அந்த இரண்டு பாஸும் மெயில் சர்வீஸின் டொமைனுக்குக் கிடைத்த பாஸ். அனுப்புநர் இடத்தில் நிற்பது ஜிமெயில் முகவரி. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் டிமார்க்.

2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கியபோது, ஜிமெயில் முகவரியைப் போட்டு வெளி சர்வர் வழியாக அனுப்பாதீர்கள் என்றும் கூகுள் சொல்லிவிட்டது. ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். நீங்கள் அவ்வளவு அனுப்பவில்லை என்றாலும் இந்த ஜிமெயில் விஷயம் உங்களையும் பிடிக்கும்.

செய்ய வேண்டியது: உங்கள் டொமைனில் ஒரு முகவரி உண்டாக்கி அதை அனுப்புநராகப் போடுங்கள். சர்வீஸின் செட்டிங்கில் டொமைனைச் சேர்த்தால், டிகேஐஎம்முக்கும் டிமார்க்குக்கும் இரண்டு மூன்று வரி கொடுப்பார்கள். அதை டொமைன் வாங்கிய இடத்தில், டிஎன்எஸ் பக்கத்தில் (டொமைனின் விவரங்கள் பதிவாகும் இடம்) ஒட்டுங்கள். பழைய ஜிமெயிலை 'பதில் போக வேண்டிய முகவரி' இடத்தில் வைத்துக்கொள்ளலாம், பழைய கஸ்டமர்கள் குழம்ப மாட்டார்கள்.

பழைய_அட்மின்
ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஒரு டொமைனுக்கு எஸ்.பி.எஃப். வரி ஒன்றுதான் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதற்குள்ளேயே புதியதைச் சேர்க்க வேண்டும். இரண்டு வரி போட்டால் இரண்டும் செல்லாது. இங்கே பாதிப் பேர் செய்யும் தப்பு இது.

திருப்பூர்_பனியன்
அம்மணி, அவசரம் என்றால் ஒரு வழி இருக்கிறது. கண்காட்சியில் ஸ்டால் போடும்போது நோட்டில் மெயில் ஐடி எழுதி வாங்கியிருப்பீர்கள் அல்லவா? அதை அப்படியே லிஸ்டில் ஏற்றிவிடுங்கள். நாங்கள் 400 பேரை அப்படித்தான் ஏற்றினோம்.

பேரூர்_படிக்கட்டு
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விலைப்பட்டியல் கேட்டு நோட்டில் எழுதினவர், வாராவாரம் மெயில் கேட்டு எழுதவில்லை. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதற்குச் சம்மதம் வாங்கினோமோ அதற்கு மட்டும்தான் என்கிறது. கொடுத்த அளவுக்கு எளிதாகச் சம்மதத்தைத் திரும்ப எடுக்கவும் வழி வேண்டும்.

திருப்பூர்_பனியன்
ஐடியை அவர்களே கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதுவே சம்மதம்தானே? சட்டம் எல்லாம் பெரிய கம்பெனிக்குங்க.

பேரூர்_படிக்கட்டு
சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்கிறது கூகுள். 400 பேரில் இரண்டு பேர் 'ஸ்பேம்' அழுத்தினால் 0.5 ஆகிவிடும். அப்புறம் நிஜமாகவே கேட்டுச் சேர்ந்தவர்களுக்கும் உங்கள் மெயில் போய்ச் சேராது. கஷ்டப்பட்டுச் சேர்த்த 41 பேரையும் அந்த நோட்டுக்காக இழக்க வேண்டுமா?

திருப்பூர்_பனியன்
எங்களுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

பேரூர்_படிக்கட்டு
ஸ்பேமுக்குப் போனால் உங்களுக்கு யாரும் தகவல் சொல்ல மாட்டார்கள்ங்க. ஷோ ஒரிஜினல் போட்டு நீங்களும் ஒரு தடவை பாருங்கள்.

ஈரோடு_மஞ்சள்மண்டி
அதுக்குத்தான் வாட்ஸ்அப் என்றேன்.

நொய்யல்கரை
அம்மணி, இன்னொன்று. அந்த கன்ஃபர்ம் மெயிலை உங்கள் பக்கத்தில் இருந்தே வரவழைத்துப் பார்த்தேன். சர்வீஸ் தானாகக் கொடுத்த ஆங்கில வாசகம் அப்படியே இருக்கிறது. கடை பெயரே இல்லை, மொட்டையாக ஒரு நீலப் பட்டன். மோசடி மெயில் என்று நினைத்து நானே அழுத்தத் தயங்கினேன். கடைப்பெயரைப் போட்டு, 'சென்னிமலையிலிருந்து எழுதுகிறோம், நீங்கள் எங்கள் பக்கத்தில் ஐடி கொடுத்தீர்கள்' என்று இரண்டு வரி தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஃபார்ம் நிரப்பியதும் வரும் பக்கத்தில் வெறும் 'நன்றி' இருக்கிறது. 'இப்போது உங்கள் மெயிலைத் திறந்து பட்டனை அழுத்துங்கள், இன்பாக்ஸில் இல்லாவிட்டால் ஸ்பேமில் பாருங்கள்' என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். மீதி 271 பேருக்கும் கன்ஃபர்ம் மெயிலை ஒரே ஒரு தடவை மட்டும் திரும்ப அனுப்புங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

சென்னிமலை_தறி
டிஎன்எஸ் மாற்றிவிட்டேன்ங்க. எஸ்.பி.எஃப். ஏற்கெனவே ஒன்று இருந்தது, அட்மின் ஐயா சொன்ன மாதிரி அதிலேயே சேர்த்தேன். இப்போது மூன்றும் பாஸ். இன்பாக்ஸில் வருகிறது. நேற்று சாயங்காலம் 271 பேருக்கும் திரும்ப அனுப்பினேன், காலைக்குள் 96 பேர் அழுத்தியிருக்கிறார்கள். கண்காட்சி நோட்டை ஏற்றவில்லை. லோடு வண்டி வந்துவிட்டது, அப்புறம் வருகிறேன். நொய்யல் அண்ணா, ரொம்ப நன்றிங்க.

கரூர்_ஹோம்டெக்ஸ்
சந்தோஷம்ங்க. சப்ஜெக்ட் வரியில் என்ன போட்டீர்கள் என்று சொன்னால் எங்களுக்கும் உதவும்.

கரூர்_ஹோம்டெக்ஸ்
அம்மணி, சப்ஜெக்ட்?