கரண்ட் போய் வந்தாலே பிரிண்டர் ஆஃப்லைன்: எங்கள் வீட்டில் சரிசெய்த விதம்

மகளின் பள்ளி ப்ராஜெக்டுக்காக ஜெராக்ஸ் கடைக்கு அலைந்து மாளவில்லை என்று ஒரு வைஃபை இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கினோம். முதல் நாள் லேப்டாப்பிலிருந்தும் போனிலிருந்தும் அருமையாகப் பிரிண்ட் வந்தது. மறுநாள் மத்தியானம் கரண்ட் போய் வந்தது. அப்புறம் லேப்டாப்பில் 'ஆஃப்லைன்' என்றே காட்டியது. பிரிண்டரில் வைஃபை விளக்கோ அசையாமல் நீலமாக எரிகிறது.

டிரைவரை (லேப்டாப்பில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) நீக்கிவிட்டு மறுபடி போட்டதும் வேலை செய்தது. நாலு நாள் கழித்துத் திரும்பவும் கரண்ட் போனது, திரும்பவும் அதே கதை. இந்தத் தடவை டிரைவரைத் தொடவில்லை. பிரிண்டரிலேயே நெட்வொர்க் நிலவரத் தாளை அச்சடித்துப் பார்த்தேன். ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கருவிக்கு ரவுட்டர் கொடுத்த எண், 192.168.1.11 என்று இருந்தது. லேப்டாப்பில் பிரிண்டர் பிராபர்ட்டீஸைத் திறந்து தாள் எந்த முகவரிக்குப் போகிறது என்று காட்டும் 'போர்ட்ஸ்' பக்கம் போனால், அங்கே 192.168.1.7. ரவுட்டரில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தேன். 7-ஆம் எண் இப்போது அம்மாவின் போனிடம்! கரண்ட் வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒன்றாக முகவரி கேட்கின்றன, ரவுட்டர் காலியாக இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுகிறது. லேப்டாப் மட்டும் பழைய விலாசத்துக்கே தாளை அனுப்பிக்கொண்டிருந்தது.

பிறகு செய்தது பத்து நிமிட வேலைதான். அந்தத் தாளிலேயே பிரிண்டரின் மேக் முகவரியும் (கருவிக்கே உரிய அடையாள எண்) இருக்கும். ரவுட்டரில் முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஎச்சிபி பகுதிக்குப் போய், அந்த மேக் முகவரிக்கு எப்போதும் 192.168.1.50 என்று ஒதுக்கிவிட்டு, பிரிண்டரை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பில் 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' ஒன்றைப் புதிதாகச் சேர்த்து அதே முகவரியைக் கொடுத்தேன். பிரிண்டரிலேயே நிலையான முகவரி போடவும் வழி இருக்கிறது. ஆனால் ரவுட்டரில் ஒதுக்குவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது, எந்த எண் யாரிடம் என்று ஒரே இடத்தில் தெரியும். அதற்கப்புறம் மூன்று தடவை கரண்ட் போய்விட்டது, பிரிண்டர் அசரவில்லை.

உங்கள் வீடுகளில் எப்படி?

—

அண்ணா, எங்கள் வீட்டில் முகவரி வரைக்கும் போகவே இல்லை. பிரிண்டர் வைஃபையிலேயே சேரவில்லை. பாஸ்வேர்டை எத்தனை முறை அடித்தாலும் 'இணைக்க முடியவில்லை'. எங்கள் ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில், இரண்டு பெயர்களில் வைஃபை கொடுக்கிறது. கடைசியில் பார்த்தால், அந்த பிரிண்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். என் போன் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தது, செட்டப் ஆப் அந்தப் பெயரையே பிரிண்டருக்குக் கொடுத்திருக்கிறது. போனை 2.4 பெயருக்கு மாற்றிவிட்டு ஆரம்பித்தேன், இரண்டே நிமிடத்தில் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு போனைப் பழையபடி 5-க்கே கொண்டுபோய்விட்டேன். இரண்டும் ஒரே ரவுட்டரின் ஒரே நெட்வொர்க் என்பதால் பிரிண்ட் வருகிறது.

இன்னொன்று, பாதுகாப்புக்காகப் பிரிண்டரை கெஸ்ட் வைஃபையில் (விருந்தாளிகளுக்கென்று ரவுட்டர் தனியாகக் கொடுப்பது) போடாதீர்கள். என் கணவர் அப்படித்தான் போட்டார். அதில் இருக்கும் கருவியை வீட்டின் மற்ற கருவிகள் எட்ட முடியாதபடி எங்கள் ரவுட்டர் தடுத்துவிட்டது.

—

எங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டர். ஃபைபர் இணைப்போடு வந்தது கீழே, சிக்னல் போதாமல் நான் வாங்கியது மாடியில். பிரிண்டர் மாடியில் என் மேசைமேல். எனக்குப் பிரிண்ட் வரும், கீழே அப்பாவின் கம்ப்யூட்டருக்கு மட்டும் பிரிண்டர் கண்ணிலேயே படாது. பென்ஷன் தாள்களை அச்சடிக்க ஒவ்வொரு முறையும் பென்டிரைவோடு படியேறி வருவார், முட்டி வலியோடு. அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மேலே நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எண்களைப் பார்த்தேன். அப்பாவுக்கு 192.168.1 என்று தொடங்குகிறது, பிரிண்டருக்கு 192.168.0. மாடி ரவுட்டர் தனக்கென ஒரு நெட்வொர்க்கை நடத்திக்கொண்டிருந்தது, கீழிருந்து உள்ளே நுழைய வழியில்லை. அதன் அமைப்பில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' இருந்தது. அதற்கு மாற்றியதும் முகவரி கொடுக்கும் வேலை முழுவதும் கீழே உள்ள ரவுட்டருக்குப் போய்விட்டது. பிரிண்டருக்கும் 192.168.1 வந்துவிட்டது, அங்கேயே 50-ஐ ஒதுக்கிவிட்டேன்.

இன்று காலை அப்பா கீழிருந்தே அனுப்பினார். மேலே தாள் வந்து விழுந்தது. நான் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.