ஏபிஏ தெரபி மணி நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், அப்பீல் செய்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் பெற்றோரிடம் ஒரு உதவி. என் மகனுக்கு நாலு வயது, ஆட்டிசம். தாகம் எடுத்தால் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்த பிள்ளை, ஏபிஏ என்ற இந்த நடத்தைப் பயிற்சித் தெரபிக்குப் பிறகு தண்ணீர் டம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்து என் கையில் வைக்கிறான். இப்போது போய், டாக்டர் எழுதிய மணி நேரத்தில் பாதிதான் தருவோம், மீதி "மருத்துவ ரீதியாக அவசியமில்லை" என்று இன்சூரன்ஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மனசே ஆறவில்லை.

50 மாநிலங்களிலும் ஆட்டிசம் காப்பீட்டுச் சட்டம் உண்டு. ஆனால் என் கணவரின் ஆபீஸ் பிளான் செல்ஃப் ஃபண்டட்; பணம் கம்பெனியுடையது, இன்சூரன்ஸ்காரர்கள் கிளெய்மை மட்டும் பார்க்கிறார்கள். அதனால் மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது, கம்பெனிகள் தரும் பிளான்களுக்கான எரிசா என்ற மத்தியச் சட்டம்தான். ஆனாலும் பெரிய கம்பெனி என்பதால் 2008ஆம் ஆண்டின் பேரிட்டி (சமத்துவ) சட்டம் பொருந்தும்: மற்ற மருத்துவச் சிகிச்சைக்கு வைப்பதைவிடக் கடுமையான கட்டுப்பாட்டை ஏபிஏ போன்ற மனநல, நடத்தைச் சிகிச்சைக்கு வைக்கக் கூடாது. அதற்கான ஒப்பீட்டு அறிக்கையை எழுத்தில் கேட்கலாம். யாராவது கேட்டு வாங்கியிருக்கிறீர்களா? எப்படி எழுதினீர்கள்?

அப்பீலுக்கு 180 நாள் அவகாசம். டாக்டரின் கடிதத்தோடு தெரபிஸ்டின் முன்னேற்றக் குறிப்புகளையும் வைத்தால் எடுபடுமா? பிளானுக்குள்ளேயே செய்யும் உள் அப்பீலில் தோற்று, வெளியாட்கள் பரிசீலிக்கும் வெளி ரிவியூவில் ஜெயித்தவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். எச்ஆரிடம் நேரடியாகப் பேசிப் பலன் கிடைத்தவர்களும் சொல்லுங்கள். பிளானை மாற்றும் அதிகாரம் கம்பெனியிடம்தானே இருக்கிறது.