68 வயதில் புதிய பொப் பாடல்: கேட்பதற்கு ஆள் உண்டா?

குளக்கட்டு (கிளிநொச்சி):
வணக்கம். 1970களின் நடுப்பகுதியில், நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் துள்ளிசையை ஊர் ஊராகப் பரப்பியிருந்த காலத்தில், கோயில் மேடைகளில் பொப் பாடத் தொடங்கியவன் நான். 2009இல் இடம்பெயர்ந்து போகும் வழியில் என் பாட்டுக் கொப்பிகள் எல்லாம் தொலைந்தன. ஆனாலும் கலியாணவீடுகளுக்கும் திருவிழாக்களுக்கும் இன்றும் அழைக்கிறார்கள். கேட்பதோ அதே பத்துப் பன்னிரண்டு பாடல்களை. குளத்தில் தண்ணீர் குறைந்து சிறுபோகத்தைப் பாதிக் காணியில் மட்டும் விதைத்ததைப் பற்றி நான் எழுதிய புதிய பாடலைச் சென்ற மாதம் ஒரு மேடையில் தொடங்கினேன். இரண்டாம் அடி முடிவதற்குள் முன்வரிசையில் ஒருவர் கையை உயர்த்தி, "சுராங்கனி" என்றார். ஓகன் வாசித்த தம்பி என் முகத்தைப் பார்த்தார், நான் தலையசைத்தேன், தாளம் மாறிவிட்டது. குரலும் முன்போல் இல்லை, மூன்று கட்டையில் பாடியவற்றை இப்போது ஒன்றரையில் பாடுகிறேன். இந்த வயதில் புதிதாக எழுதுவது வீண்வேலைதானா?

மல்லாவியான்:
ஐயா, அந்தக் கை உயர்த்தியவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் மின்சாரமும் இல்லாமல், பற்றரியும் கிடைக்காமல் இருந்தபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவின் வயரைக் கசற் றெக்கோடரில் கொளுவி, மிதியைக் கையால் சுற்றிச் சுற்றியே பாட்டுக் கேட்டோம். சுற்றுபவரின் கை சளைத்தால் பாடகரின் குரலும் இழுபட்டுத் தடித்துவிடும். அப்படிக் கேட்டவர்கள் பழைய பாட்டை எளிதில் விடமாட்டார்கள். ஆகவே பழையவற்றில் மூன்றைப் பாடிவிட்டு, "இது புதுப்பாட்டு" என்ற அறிவிப்பு எதுவும் இல்லாமல் உங்கள் பாடலுக்குள் நுழைந்துவிடுங்கள். அறிவித்தால்தான் சனம் தேநீருக்கு எழும்புகிறது.

வவுனியா ஆசிரியை:
மல்லாவியான் சொல்லும் உபாயம் ஓரிரு மேடைகளுக்குச் சரிவரலாம். ஆனால் புதுப்பாட்டைக் களவாக நுழைக்கவேண்டிய பொருளாக நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஐயாவின் சிக்கல் வேறு இடத்தில் இருப்பதாக நினைக்கிறேன். வயது ஏறும்போது குரல்நாண்களின் நெகிழ்வு குறைகிறது, நுரையீரலின் வலுவும் தளர்கிறது. எனவே சுருதியை இறக்கினால் மட்டும் போதாது, மூச்சுக்கு ஏற்றபடி அடிகளையும் குறுக்கவேண்டும். பைலா என்னும் இலங்கைத் துள்ளிசையின் ஆறெட்டுத் தாளத்தில் சொற்களை நெருக்கிக் கொட்டுவது இருபது வயதின் வேலை. கனடாவின் பாடகர் லெனாட் கோகன் எழுபது வயதைத் தாண்டி, 2008இல் மீண்டும் மேடையேறினார். கரகரத்துத் தாழ்ந்திருந்த குரலுக்குப் பொருத்தமாக, ஏறக்குறையப் பேசுவதுபோலவே பாடினார். உடல் மிகவும் தளர்ந்த பிறகு, வீட்டிலேயே நாற்காலியில் இருந்தபடி, மகனின் உதவியோடு தன் வாழ்நாளில் வெளியான கடைசி இசைத்தொகுப்பைப் பாடிப் பதிவுசெய்தார். அது 2016 ஒக்டோபரில் வெளிவந்தது. அடுத்த மாதமே, 82ஆவது வயதில், அவர் காலமானார். உங்கள் சிறுபோகப் பாடலும் துள்ளிசையாகத்தான் இருக்கவேண்டுமா, ஐயா? தண்ணீர் வற்றிய குளத்தைத் துள்ளிக்கொண்டு பாடினால், முன்வரிசைக்காரர் சுராங்கனியைக் கேட்பது நியாயந்தானே!

குளக்கட்டு:
ஆசிரியை அவர்களின் கடைசி வரி சுட்டது, ஆனால் உண்மை. பழக்கதோஷத்தால் எதை எழுதினாலும் அந்தத் தாளத்தில்தான் என் கை போய் விழுகிறது. நேற்று மாலை தாளக்காரர் எவரும் இல்லாமல், கிற்றாரோடு மட்டும், முதல் நான்கு அடிகளை இரண்டாகக் குறைத்து மெதுவாகப் பாடிப் பார்த்தேன். வாய்க்காலில் மீன் தேடும் கொக்கைப் பற்றிய அடி, முன்பு இரைச்சலில் எனக்கே சரியாகக் கேட்காத அடி, இப்போது முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்த என் மனைவிக்குக் கேட்டிருக்கிறது. "அந்தக் கொக்கு பிறகு என்ன ஆனது?" என்று கேட்டார். மூன்றாவது சரணம் இன்னும் எழுதவில்லை, மல்லாவியான் தம்பி. எழுதியதும் இங்கே பதிவிடுகிறேன்.