கிளிக் சத்தத்தோடு ஓடிய பியானோ

ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் வைக்கும் உதவியாளனாக இருந்தபோது, படங்களுக்குப் பின்னணி இசை வாசிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பியானோ கலைஞரோடு பழக்கம் ஏற்பட்டது. மேடையில் வாசிப்பவர் ஒரே உருப்படியை மாதக்கணக்கில் சாதகம் செய்வார். இவர் கைக்கு நோட்ஸ் வருவதே ரெக்கார்டிங் அன்றைக்குத்தான். ஒருமுறை கண்ணை ஓட்டி, இரண்டொரு இடத்தில் பென்சிலால் விரல் எண் குறிப்பார். அப்புறம் "போகலாம்" என்பார். பெரும்பாலும் முதல் டேக்கே ஓகே ஆகிவிடும்.

அதைவிட, வேண்டாத சத்தம் வராமல் அவர் வாசித்த விதத்தைத்தான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மெல்லிய காட்சிகளுக்கு மைக்கைக் கம்பிகளுக்கு அருகிலேயே வைப்போம். நாற்காலி முனகினாலும் பதிவாகிவிடும். தாள் புரளும் ஓசை கூடாதென்று பக்கங்களை ஒட்டி விரித்து வைத்துக்கொள்வார். பெடலிலிருந்து காலை எடுப்பதைப் பார்க்க வேண்டும். ஒலியை அடக்கும் டேம்பர் கட்டை கம்பியில் வந்து படிவதே கேட்காது. ஹெட்ஃபோனில் தாளம் காட்டி 'டிக் டிக்' என்று ஓடும் கிளிக் கசிந்தால் கடைசிச் சுரம் அடங்கும் இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு காதில் மட்டும், அதுவும் ஒலியைக் குறைத்து மாட்டியிருப்பார். படத்தோடு பொருந்த கிளிக்கை விடவும் முடியாது. ஆனால் கேட்பவருக்கு எண்ணி வாசித்த மாதிரி தோன்றிவிடக் கூடாது. இந்த இழுபறியில்தான் தொழிலே இருக்கிறது.

ஒருநாள் திடீரென்று செலஸ்டா வேண்டும் என்றார்கள். பார்க்கச் சின்னப் பியானோ போல இருந்தாலும் உள்ளே கம்பிகள் கிடையாது, உலோகத் தகடுகள். எழுதியதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். மனிதர் எழுந்துபோய் அதையும் வாசித்துவிட்டு வந்தார். வராது என்றால் அடுத்த அழைப்பு வேறு ஆளுக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

ஹாலிவுட்டில் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸே இப்படி ஸ்டுடியோவில் வாசித்து வந்தவர். 1961இல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்தின் பியானோவில் அவர் கை உண்டு. 2016இல் வந்த 'லா லா லேண்ட்' படத்துக்காக நடிகர் ரையன் காஸ்லிங் மாதக்கணக்கில் பியானோ பழகினார். திரையில் தெரிவது அவருடைய விரல்கள்தான். ஆனால் நம் காதில் விழுவது ராண்டி கெர்பரின் வாசிப்பு.

எங்கள் ஆளுக்கு அந்த அளவு வெளிச்சம் கிடைக்கவில்லை. அருமையாக வந்த ஒரு டேக், இறுதி மிக்ஸில் மழைச் சத்தத்துக்கும் வசனத்துக்கும் அடியில் போய்விட்டது. எனக்குத்தான் வயிறெரிந்தது. அவரோ, "வசனம் தெளிவா கேக்குதுல்ல?" என்று கேட்டுவிட்டு அடுத்த நோட்ஸை எடுத்து வைத்தார்.